பொதிகை அடிவாரப் புறவாசல்களில் வசந்தமும் தக்காளியும்: ஒரு முன்னாய்வு

அம்பாசமுத்திரத்தில் வசந்தம் வருகிறதா, வந்தால் எந்தத் தேதியில் வருகிறது, எத்தனை நாள் தங்கிவிட்டுப் போகிறது ஆகிய கேள்விகளை அறிஞர் உலகம் இதுகாறும் கண்டுகொள்ளவில்லை. நெல் என்றால் மட்டும் ஓடோடி வருகிறார்கள். 1937ஆம் ஆண்டிலேயே இந்த ஊருக்கு ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் கிடைத்துவிட்டது. அங்கே பிறந்த ஏ.எஸ்.டி. 16 என்ற நெல் ரகம் எத்தனையோ வீட்டு இட்லிக் கொப்பரைகளைப் பார்த்துவிட்டது. நெல்லுக்குக் கார், பிசானம் என்று இரண்டு பருவம் ஒதுக்கியிருக்கிறார்கள். பாபநாசம் அணையின் 143 அடியில் இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது என்று தினந்தோறும் பத்திரிகையில் போடுகிறார்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று அணைக்கட்டுகளுக்குப் பெயர் சூட்டி அழகு பார்த்திருக்கிறார்கள். தக்காளிக்கு அணையும் இல்லை, பருவமும் இல்லை, நிலையமும் இல்லை. அதற்கு வாய்த்தது புறவாசல். அதிலும் துவைக்கிற கல்லுக்கும் குளிமுறிச் சுவருக்கும் நடுவே வெயில் விழுகிற ஒரு துண்டு.

இக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். களம்: அம்பை என்று சுருக்கி அழைக்கப்படும் அம்பாசமுத்திரத்தின் ஒரு வளவு. தகவலாளிகள்: வளவுக்காரர்கள் அனைவரும், கேட்காமலேயே. நிதியுதவி: ஆச்சியின் சுருக்குப் பை.

முதன்மை ஆவணமும் உரை மரபுகளும்

இந்த ஆய்வைத் தூண்டியது ஒரு விதைப் பொட்டலம். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மதினி கொண்டுவந்தது. முன்பக்கம் செக்கச்செவேலென்று ஒரு பழக்கொத்து; பின்பக்கம் இரண்டே கட்டளை. மார்ச் மாதம் வீட்டுக்குள் விதைக்க வேண்டும். கடைசி உறைபனி கழிந்தபின் வெளியே நட வேண்டும்.

இங்கிலாந்தில் இது நல்ல புத்திதான். அங்கே மே மாதம் பாதி ஓடியபிறகும் ஒரு ராத்திரி உறைபனி விழுந்து நாற்றையெல்லாம் கருக்கிவிட்டுப் போகும். அம்பையில் இதற்கு எப்படிப் பொருள் கொள்வது என்பதில் வளவுக்குள் மூன்று உரை மரபுகள் கிளைத்தன.

முதலாவது, சித்தப்பா மரபு. இது எழுத்தெண்ணிப் படிப்பது. “போட்டிருக்குல்லா, பனி கழிஞ்ச பொறவுன்னு? வரட்டும், கழியட்டும், நடுவோம்” என்பது இதன் நிலைப்பாடு. இம்மரபினரின் விதைகள் இன்றுவரை பட்டாசல் அலமாரியில் வருமான வரி ரசீதுகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன.

இரண்டாவது, கல்லிடைக்குறிச்சி அத்தான் மரபு. ஆற்றுக்கு அக்கரை என்பதால் இதற்குக் கொஞ்சம் தாராளம் உண்டு. “லண்டன் மார்ச்சும் நம்ம கார்த்திகையும் ஒண்ணுதாம்வே. உறைபனின்னு மார்கழிப் பனியத்தான் சொல்லியிருக்கான்” என்று அவர் கார்த்திகையில் விதைத்துத் தை பிறக்கும்போது நட்டார். காரணம் முழுக்கத் தப்பு. முடிவு முழுக்கச் சரி. அறிவியல் வரலாற்றில் இப்படி நடப்பது புதிதல்ல.

மூன்றாவது மரபு ஆச்சியுடையது. “பொட்டலத்த ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜுல வச்சு எடு. பனி வந்துட்டுப் போனதா ஆச்சுல்லா?” சடங்கியல் நோக்கில் இதை மறுக்க வழியில்லை.

இலக்கியச் சான்றும் வெப்பமானிச் சான்றும் முரண்படுதல்

இலக்கணக்காரர்கள் வகுத்தபடி ஆண்டுக்குப் பருவம் ஆறு. அதில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். இதே இரண்டு மாதத்துக்குள்தான் பஞ்சாங்கக்காரர்கள் அக்னி நட்சத்திரத்தையும் வைத்திருக்கிறார்கள். மே 4ஆம் தேதி தொடங்கி மாதக் கடைசி வரை. ஆக, நம் வசந்தத்தின் நடுவீட்டில் அக்னி குடியிருக்கிறது. பாளையங்கோட்டையில் பங்குனி முடியுமுன்பே 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டுவிடுவது சாதாரணம்.

இதைவிடப் பெரிய முரண் ஒன்று உண்டு. வசந்தத்துக்கு இன்றியமையாத சரக்கு தென்றல் என்றும், அது பொதிகை மலையில் உற்பத்தியாகிறது என்றும் புலவர்கள் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறார்கள். மதுரைக்குப் போனது, காவிரிக் கரைக்குப் போனது, மன்மதனுக்குத் தேராகவும் போனது. பொதிகையோ அம்பையிலிருந்து மேற்கே அண்ணாந்தால் தெரிகிற மலை. மில் வாசலில் குடியிருக்கிறவனுக்கு வேட்டி கிடைக்காத கதையாக, சித்திரை மத்தியானம் வளவுக்குள் வேப்பிலை ஒன்றுகூட அசைவதில்லை. தென்றல் முழுவதும் ஏற்றுமதி.

இந்த முரணைத் தீர்க்கப் புலவர்களையும் வெப்பமானியையும் ஒருசேரத் தள்ளி வைத்துவிட்டு, மூன்றாவதாக ஒரு நடுவரை அழைத்தோம். தக்காளிப் பூ பொய் சொல்லாது.

பூவின் சாட்சியம்

தக்காளிப் பூவைக் கிட்டத்தில் பார்த்தவர் குறைவு. மஞ்சள் இதழ்கள் பின்னால் மடங்கிக் கிடக்கும். நடுவில் மகரந்தப் பைகள் ஒட்டிக்கொண்டு கூம்பாக நிற்கும். சூல்முடி அந்தக் கூம்புக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் வெளியிலிருந்து மாப்பிள்ளை தேட வேண்டியதில்லை. எல்லாம் சொந்தத்துக்குள்ளேயே முடிந்துவிடும். ஆனால் மகரந்தம் உதிர யாராவது பூவைக் குலுக்கவேண்டும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. மரத்தைத் துளைக்கிற கருவண்டு பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை விர்ரென்று அதிரவைக்கும், பொடி கொட்டும். வண்டு இல்லையென்றால் காற்று போதும். காற்றும் இல்லையென்றால் விரலால் காம்பைச் சுண்டிவிடலாம். ஆச்சி இதைத் தினமும் காலையில், முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு கொத்தாகச் செய்கிறாள். கேட்டால் “எழுப்பி விடுதேன்” என்கிறாள்.

பகல் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, ராத்திரியும் 24க்குக் கீழே இறங்க மறுத்தால் மகரந்தம் மலடாகிவிடுகிறது. பகல் வெயிலைவிட ராத்திரிப் புழுக்கத்தைத்தான் தக்காளி மன்னிப்பதில்லை. சூல் கொள்ளாத பூவைச் செடி வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு பூக்காம்பிலும் நடுவே முழங்கை மாதிரி ஒரு கணு இருக்கிறது. அந்தக் கணு மஞ்சளாகிப் பழுத்து, ஒருநாள் விடிவதற்குள் கழன்றுவிடும். பங்குனிக் காலையில் புறவாசல் பெருக்குகிறவர்கள் துவைக்கிற கல்லைச் சுற்றி, அரைக்காம்போடு உதிர்ந்த மஞ்சள் பூக்களை வாரியிருப்பார்கள். மருந்தடித்தும் நிற்காது, திருஷ்டி கழித்தும் நிற்காது. இரவு குளிர்ந்தால் நிற்கும்.

தை மாதத்தில் அதே செடியில் அதே கணு பச்சையாக, கெட்டியாக இருக்கிறது. பூ வாடி, அதன் நுனியிலேயே மிளகளவு பிஞ்சு தலைகாட்டுகிறது. ஆகவே முதல் தேற்றம்: அம்பாசமுத்திரத்தின் வசந்தம் மார்கழிப் பாதியில் தொடங்கி மாசியில் முடிகிறது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு குளிர்காலத்தை வேறெதற்கும் பயன்படுத்த முடியாது.

அதற்குமுன் அவசரப்பட்டு ஐப்பசியில் விதைத்தவர்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் நின்று கொட்டினால் நாற்றின் கழுத்து அழுகி, ராணுவம் சரணடைந்ததுபோல் பாத்தி முழுவதும் படுத்துவிடும். இவர்களைப் பற்றி மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் தேற்றம்தான் இவ்வாய்வின் அசல் பங்களிப்பு. ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது. மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, மிச்சமிருக்கிற மேகமும் ஈரக்காற்றும் பொதிகையைத் தாண்டி இந்தப் பக்கம் வழிகின்றன. குற்றாலத்தில் அதற்குச் சீசன் என்று பெயர். அம்பை ஊருக்குள் அருவி கிடையாது. ஆனால் ஆனி, ஆடியில் வெயில் மங்கி, சட்டை நனையாத தூறலோடு மேல்காற்று அடிக்கிறது. புலவர்கள் சொன்ன சரக்கு இதுதான் என்று துணியலாம். இரண்டு மாதம் தாமதம், அவ்வளவே. அரசுப் பேருந்தில் போய்ப் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. அந்தக் காற்று கருவண்டின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. ஆடியில் ஆச்சிக்குப் பூ எழுப்பும் வேலை மிச்சம்.

எனவே தக்காளியின் கணக்குப்படி அம்பைக்கு வசந்தம் இரண்டு: தையில் ஒன்று, ஆடியில் ஒன்று. வசந்தம் இல்லாத காலம் எதுவென்று பார்த்தால், பஞ்சாங்கம் வசந்தம் என்று எழுதிவைத்த அந்த இரண்டு மாதம்தான்.

ஊன்றுகோல் சிக்கல்

ஆடிக்காற்றுக்குப் பூ பிழைக்கும், செடி சாயும். கம்பு ஊன்றி வாழைநாரால் தளர்வாக எட்டுப்போல் கட்டவேண்டும். வாழைநாருக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. கம்பில்தான் சிக்கல். கைக்கு எட்டுகிற கம்பு முருங்கை. முருங்கைக் கம்பை ஈரமண்ணில் ஊன்றினால் அது தன்னை ஊன்றுகோல் என்று நினைப்பதில்லை. சாரல் முடிவதற்குள் மேல்நுனியில் துளிர் விட்டு, தக்காளிக்கு நிழல் கட்டி, வேரோடு போட்டி போட ஆரம்பித்துவிடும். மேலவீட்டில் இப்படி ஊன்றிய கம்பில் காய் காய்த்துச் சாம்பாரும் வைத்தாயிற்று. அது எந்தச் செடிக்குத் துணையாக வந்தது என்பது யாருக்கும் நினைவில்லை. பூவரசங்கம்பும் இதே குணம். மூங்கில் உத்தமம், செத்தபிறகு செத்ததாகவே இருக்கும்.

தொல்லியல் குறிப்பு

அம்பையின் பழம்பெயர் இளங்கோய்க்குடி. ஒன்பதாம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் தொண்டைநாட்டில், பெண்ணையாற்றங்கரை அரைசூரில் பாசறை போட்டிருந்தபோது இவ்வூர்க் கோயிலுக்கு ஓர் ஏற்பாடு செய்தான். 290 காசு முதல், முதலைத் தொடக்கூடாது, வட்டியாக ஆண்டுக்கு 580 கலம் நெல், அதைக்கொண்டு திருவமுது. நெய், தயிர், வாழைப்பழம், கறி, காயம் என்று கல்வெட்டு விவரமாகப் போகிறது. எதிரே படை நிற்க, இந்த மனிதர் குழம்புக்குக் கூட்டுச் சொல்லியிருக்கிறார்; நெல்லைச் சீமை சமையல் பற்றில் இது ஆரம்பக் காலச் சான்று.

பட்டியலில் தக்காளி இல்லை. இருக்கவும் முடியாது. அது அப்போது அமெரிக்கக் கண்டத்தில் இருந்தது. போர்த்துக்கீசியர் கப்பலேறுவதற்கு இன்னும் பல நூற்றாண்டு பாக்கி. ஆயினும் பாண்டியன் படைத்த அமுதில் குறை இருந்ததாகச் சாமி சொல்லவில்லை என்பதை ஆச்சி சுட்டிக்காட்டுகிறாள். சொதிக்குத் தக்காளி வேண்டாம், அவியலுக்கு வேண்டாம், புளிக்குழம்புக்கு வேண்டவே வேண்டாம். ரசத்தில் மட்டும் அவள் அதற்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறாள். அதுவும் புளி எதிர்ப்புத் தெரிவிக்காத அளவில்.

இதே ஆச்சிதான் பழமா காயா என்ற நெடுங்கால வழக்கையும் தீர்த்துவைத்தாள். சித்திரை விசு அன்றைக்குக் கனி காண்பதற்கு முந்தின ராத்திரி தட்டு அடுக்கும்போது, வளவின் கடைசித் தக்காளியைச் சின்னப்பிள்ளைகள் மாம்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். “தக்காளிய எவனாவது கனில வைப்பானா? அது கறிக்குள்ளது” என்று எடுத்து அடுக்களைக்கு அனுப்பிவிட்டாள். 1886ஆம் ஆண்டு வசந்தத்தில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நியூயார்க்கில் இறங்கிய தக்காளிக்குக் காய்கறி வரி போட்டதை எதிர்த்து, அது பழம்தான் என்று வியாபாரிகள் வழக்காடினார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1893இல் தீர்ப்புச் சொன்னது: தாவரவியலில் என்னவாகவும் இருக்கட்டும், சாப்பாட்டோடு பரிமாறுகிறோம், சாப்பாட்டுக்குப் பின் இனிப்பாகப் பரிமாறுவதில்லை, ஆகவே காய்கறி. ஏழு வருஷமும் இத்தனை வக்கீல்களும் தேவைப்பட்ட தீர்ப்பு இது.

இடையூறுகள்

பங்குனி உத்திரத்தன்று நெல்லைச் சீமை முழுவதும் அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுகிறது. வளவில் அநேகமாகப் பூட்டுத்தான் காவல். செடி காய்ந்து கிடக்கும். திரும்பி வந்தவர்கள் குற்றவுணர்ச்சியில் வாளி வாளியாக ஊற்றுவார்கள். உள்ளே சதை வீங்க, தோல் கொடுக்காமல், மறுநாளே பழம் காம்பைச் சுற்றி வெடிக்கும். தண்ணீர் இப்படி ஏறி இறங்கினால் சுண்ணாம்புச் சத்து பிஞ்சின் அடிவரை போய்ச் சேராது. அடிப்பக்கம் கருத்து அழுகும். பாத்தியில் முட்டையோட்டைப் பொடித்துப் போடலாம் என்று அத்தான் பரிந்துரைத்தார். சைவ வளவில் முட்டையோடு எப்படி வந்தது என்ற துணைக் கேள்விக்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை.

வெயில் ஏறினால் நிறமும் ஏமாற்றும். 30 டிகிரியைத் தாண்டிவிட்டால் சிவப்புச் சாயம் ஒழுங்காக ஊறுவதில்லை. பழம் காவியாகவே நின்றுவிடும். சிவக்கட்டும் என்று காத்திருந்தவர்கள் அணிலுக்குத் தானம் செய்தவர்கள்.

அணிலாவது ஒரு பழத்தை ஒழுங்காகத் தின்னும். மயில் ஒவ்வொன்றிலும் ஒரு கொத்துக் கொத்தித் தரம் பார்த்துவிட்டுப் போகும். அது 1963 முதல் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இடம் பெற்றது. கூடவே முருகன் வாகனம். மத்திய அரசும் திருச்செந்தூரும் சேர்ந்து நிற்கும்போது தக்காளி பக்கம் பேச யார் இருக்கிறார்கள்? ஆச்சி கைதட்டி, “போ, போ” என்கிறாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.

அங்கணச் செடி

ரகத்தைப் பொறுத்தவரை வளவின் பெரும்பான்மை பி.கே.எம். 1. தேனிப் பக்கத்து அன்னஞ்சி நாட்டுத் தக்காளியிலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கி 1978இல் வெளியிட்டது. காம்பருகே பச்சைத் தோள், கெட்டித் தோல், லாரி ஏற்றினாலும் நசுங்காது. பாத்தி கொத்தி, வேப்பம்புண்ணாக்கு போட்டு, மோர் தெளித்து, பேர் சொல்லி வளர்த்தார்கள்.

இவையெல்லாவற்றையும் விட அதிகமாகக் காய்த்தது, யாரும் நடாத ஒரு செடி. அடுக்களைத் தண்ணீர் வெளியேறுகிற அங்கணத்து ஓரத்தில், சுவருக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்தில் தானாக முளைத்தது. இதை விதி என்று விட்டுவிட முடியாது, விளக்கம் உண்டு. தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு முளைப்பைத் தடுப்பது. எச்சில் தண்ணீரில் கிடந்து புளித்தால் அது கரைந்துபோகும். விதை விழுந்த இடத்திலேயே வளர்வதால் பிடுங்கி நடுகிற அதிர்ச்சி இல்லை. ஆணிவேர் ஆழப் போகிறது. பாத்திரம் கழுவுகிற வீட்டில் தண்ணீர் ஒருநாளும் தவறுவதில்லை. அரிசி களைந்தது, பருப்புக் கழுவியது, சட்டியில் ஒட்டின சாம்பல், எல்லாம் நாள்முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்கிறது. பங்குனி உத்திரத்துக்கு மற்ற எல்லாரும் போனபோதுகூட ஒருவர் வீட்டில் தங்கிவிட்டதால் அங்கணம் காயவில்லை.

மற்றச் செடிகளுக்கும் இதே உபசாரம் செய்யலாம் என்று இவ்வாய்வாளர் முன்மொழிந்தார். வளவின் அங்கணம் ஒன்றே ஒன்று என்பதால் முன்மொழிவு தள்ளுபடி ஆயிற்று.

பொருளாதாரம்

இந்தப் பகுதியைச் சுருக்கமாக முடித்துக்கொள்வது எல்லாருக்கும் நல்லது. மாசியில் வளவுச் செடிகள் கொத்துக் கொத்தாகப் பழுக்கும்போது பாவூர்சத்திரம் சந்தையிலும் தக்காளி குவிகிறது, கூடைக்குக் கேட்பாரில்லை. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கவேண்டி வந்தது. அப்போது வளவில் செடி உண்டு, பூ உண்டு, காற்றும் உண்டு. பழம்தான் இல்லை. சித்திரைக் கடைசியில் விதைத்து ஆனியில் நட்டால் ஆடியில் பூக்கும், ஆவணியில்தான் பழுக்கும். ஆவணிக்குள் சந்தை விலை கீழே வந்துவிட்டது. இரண்டு வசந்தத்தையும் சரியாகப் பிடித்தவனை விலை மட்டும் எப்போதும் ஒரு மாதம் முந்திக்கொள்கிறது.

மிஞ்சிய விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாது, அழுகவிடவும் மனம் வராது. ஆச்சி ஒரு மஞ்சள் பை நிறைய மேலவீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். சாயங்காலம் பை திரும்பி வந்தது. வெறும் பையாகத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை என்று மேலவீட்டு அத்தை அதில் தன் செடிப் பழங்களைப் போட்டு அனுப்பியிருந்தாள். இங்கிருந்து போனவை சுமார் இரண்டு கிலோ. வந்தவை அதைவிடக் கொஞ்சம் அதிகம். இப்போது அந்த வித்தியாசத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பது வளவில் விவாதத்தில் இருக்கிறது.